எடுத்துவிட்ட கால்

மாட்டுங்காவில் அந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போன அன்று கலைச்செல்விக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த வந்தனா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கார்பென்டர் வரலையா?" என்று கேட்டாள்.

"படம் போடுறது நான்தான் மேடம். அளவும் நான்தான் எடுப்பேன்."

தாராவியில் இசக்கிதுரையின் மரப்பட்டறையில் ஆறு வருடமாக அதுதான் அவள் வேலை. ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவள். மேசையோ அலமாரியோ, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி லேப்டாப்பில் வரைவதைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். அவள் வந்த பிறகுதான் மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்து ஆபீஸ் குடும்பங்கள் அந்தப் பட்டறையைத் தேடி வர ஆரம்பித்தன. செய்வதற்கு முன்பே பொருளைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

வந்தனாவுக்கு வேண்டியது மடக்கு மேசை. நடுவில் ஒடுக்கமாக ஒரு பலகை, அதன் இரண்டு பக்கமும் கீலில் தொங்கும் பலகைகள். சாப்பிடும்போது ஒன்றைத் தூக்கி விரித்துக்கொள்ளலாம். முடிந்ததும் தொங்கவிட்டுச் சுவரோடு ஒதுக்கிவிடலாம். ஹால் அவ்வளவு சின்னது. அதோடு பார்க்க 'ரஸ்டிக்'காகவும் இருக்க வேண்டும் என்றாள். ரம்பத்தின் கோடும் மரத்தின் முடிச்சும் பழைய ஆணித் துளையும் அப்படியே தெரிகிற, தடித்த மரம். போனில் ஏழெட்டுப் படங்கள் சேர்த்து வைத்திருந்தாள்.

ஆனால் மேசை அவளுடைய மாமனாருக்காகத்தான். அனந்தநாராயணனுக்கு எண்பத்தொரு வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது பக்கம் போய்விட்டது. வலது கையும் பேச்சும் தப்பியிருந்தன. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி அவரே சொன்னார்.

"மடியில தட்டை வச்சு ஊட்டி விடறா. நான் என்ன கைக்குழந்தையா? எல்லாரோடயும் மேஜைல சாப்டணும் எனக்கு. அதுக்குத்தான் இவ்வளவு அமர்க்களமும்."

"தானே எடுத்துச் சாப்பிட்டா சட்டையெல்லாம் ரசந்தான்" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஹாஃபிஸா. அவரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய ஆள். சுனாபட்டியில் இருக்கிறவள், தாய் தகப்பன் கடையநல்லூர்ப் பக்கம். அவள் சொன்னதற்குப் பெரியவர் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் சிரித்த அந்த முகத்தைக் கலைச்செல்விக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் லேப்டாப்போடு போனாள். இடிக்கப்பட்ட ஒரு பழைய சால் குடியிருப்பின் உத்திரங்களை இசக்கிதுரை வாங்கிப் போட்டிருந்தார். அந்தத் தேக்கின் நிறத்தையே படத்துக்கும் கொடுத்திருந்தாள். பலகையைத் தூக்கினால் கீழிருந்து ஒரு கால் கதவு மாதிரித் திறந்து வந்து, தரையில் ஊன்றிப் பலகையைத் தாங்கும். அதைத் திரையில் திறந்தும் மூடியும் காட்டினாள். அதோடு விடவில்லை. புது மாதிரி எதைச் செய்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஒரு பொம்மை மேசை செய்து பார்ப்பது அவள் வழக்கம். அதையும் கொண்டுபோயிருந்தாள். பெரியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கால்மணி நேரம் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வந்தனா ஆபீஸுக்குப் போயிருந்தாள். அவள் கணவர் வைத்தீஸ்வரன் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருந்தார். ஹாஃபிஸா சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டிருந்தாள். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இதைப் பிடிச்சுண்டு நான் எழுந்து நிக்கலாமோ? உக்காந்து பாத்தா ஜன்னல்ல வானம் மட்டுந்தான் தெரியறது. தெருவைப் பாத்து எத்தனை நாளாச்சு."

"தாராளமா நிக்கலாம் தாத்தா. இந்தக் கால் தரையில ஊனுதுல்லா? ஆள் ஏறி நின்னாலும் தாங்கும்."

அவள் அன்று சொன்னது உண்மைதான். அந்த மேசைக்கு அது உண்மை.

நாலு நாள் கழித்து வைத்தீஸ்வரன் போன் செய்தார். "எல்லாம் நன்னாருக்கு. ஆனா அந்தத் திறந்து வர கால், அப்பா நாற்காலியோட ஃபுட்ரெஸ்ட்ல இடிக்கும்போல இருக்கே. அது இல்லாம பண்ண முடியாதா? ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குப் பிறந்தநாள். சனிக்கிழமைக்குள்ள வந்தாகணும்."

"பண்ணலாம் சார்" என்றாள்.

இருபது நிமிட வேலை. காலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முக்கோணமாக ஒரு மரத்தாங்கியைப் போட்டாள். அது மேசையின் சட்டத்திலிருந்து விலகி வந்து பலகையைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும், தரையைத் தொடாது. சக்கர நாற்காலி தடையில்லாமல் உள்ளே போகும். திரையில் பலகை நூல் பிடித்தது போல நின்றது. பட்டறையில் மரத்தை அறுத்துவைத்துக்கொண்டு இசக்கிதுரை, "படம் எங்கம்மா, படம் எங்கம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். மாற்றிய படத்துக்குப் பொம்மை செய்து பார்க்கவில்லை. அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. பெரியவர் மேசையின் முன்னால், இலை, பால் பாயசம், சட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. கலைச்செல்வி அதைப் புருஷன் வெங்கடேஷிடம் காட்டினாள். பட்டறையில் எல்லாருக்கும் காட்டினாள்.

ஆறு வாரம் கழித்து அந்த மேசை டெம்போவில் திரும்பி வந்து பட்டறை வாசலில் இறங்கியது.

"பெரியவரு தவறிட்டாராம்" என்றார் இசக்கிதுரை. "எந்திக்கப் பாத்து விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. ஆப்பரேசன் பண்ணி ஒம்பது நாளு கெடந்துருக்காரு, அப்புறம் நெஞ்சுல சளி கட்டி முடிஞ்சிட்டு. பாத்துக்கிடுத பொம்பள அந்நேரம் மொட்டமாடில துணி காயப்போடப் போயிட்டாளாம். அவளாலதான்னு ஏஜென்சில எழுதிக் குடுத்து வேலைய விட்டே தூக்கிட்டாவ. மேசயப் பாக்க முடியல, எடுத்துக்கிடுங்கன்னு மவன் சொல்லிட்டாரு. நல்ல மரம்லா. ஓரத்தச் சீவிட்டு வேற ஆளுக்குக் குடுத்துரலாம்."

கலைச்செல்விக்கு முதலில் அந்தப் பாதிச் சிரிப்புதான் கண்ணில் வந்தது. அழுகை வரப்போகிற நேரத்தில் மேசையின் ஓரம் கண்ணில் பட்டது. விரிக்கிற பலகையின் வெளி விளிம்பு நசுங்கியிருந்தது. தரையில் ஓங்கி மோதினால் மட்டுமே தேக்கு அப்படி நசுங்கும்.

"அண்ணாச்சி, மேச மேல அவரு விழுந்தாரா, அவரு மேல மேச விழுந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

குனிந்து கால்களைப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்துக் கால் ஒன்றின் அடியில் மடித்த அட்டைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ மேசை ஆடாமலிருக்க வைத்தது. அந்தக் கால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. ஒரு தடவையாவது எழும்பியிருக்கிறது.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அதே உத்திரத்தின் துண்டு ஒன்றை எடுத்து மெல்லியதாக அறுத்தாள். முன்பு செய்யாமல் விட்ட பொம்மையை இப்போது செய்தாள். நடுப்பலகை, இரண்டு பக்கப் பலகை, நாலு கால், முக்கோணத் தாங்கி. கீலுக்குத் துணியை ஒட்டினாள். அளவு ஐந்தில் ஒன்றென்றால் எடை நூற்றிருபத்தைந்தில் ஒன்றாகும். பெரியவர் தன் எடையில் பாதியை ஊன்றியிருந்தால் எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டாள். அவள் கையிலிருந்த அளவுநாடா ஏறக்குறைய அந்த எடைதான். பலகையை விரித்து, அளவுநாடாவை விளிம்பில் வைத்துக் கையை எடுத்தாள்.

பொம்மை மேசை அப்படியே குப்புற விழுந்தது.

அளவுநாடாவை எடுத்துவிட்டு ஒரு சாவிக்கொத்தை வைத்தாள். அதற்கும் விழுந்தது. தடித்த மரம் வேண்டுமென்று கேட்டதால் விரித்த பலகையே பெரிய பாரம். அதன் கீழே தரையில் ஊன்றிய கால் இல்லை. நடு மேசையோ ஒன்றேகால் அடி அகலந்தான். ஒரு முழங்கையை அழுத்தி வைத்தாலே போதும். அத்தனை நாள் அது விழாமல் நின்றதுதான் ஆச்சரியம்.

இசக்கிதுரை வந்ததும் காட்டினாள். அவர் இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு பட்டறைக் கதவை ஒருக்களித்தார்.

"இத யாருட்டயும் காட்டாத. சாப்புடதுக்குத்தான் மேச. அதப் பிடிச்சி எந்திக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"என்னது?"

"எந்திச்சி நிக்கலாமான்னு என்னய கேட்டாரு. நிக்கலாம்னேன். பொறவு கால எடுத்துட்டேன். எடுத்தத அவருட்டச் சொல்லல."

இசக்கிதுரை மரத்தூளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அவருட்டச் சொன்னது வேற யாருக்குந் தெரியாதுல்லா?" என்றார். தெரியாது என்று தலையாட்டினாள். "அப்பம் விடு தாயி" என்றார்.

வெங்கடேஷும் அதையேதான் சொன்னான். "சொன்னா போனவரு வருவாரா? போலீஸு கீலீஸுன்னு வந்தா யாரு அலையது?"

"அந்த அக்காவல்லா கொலகாரி மாதிரி வெரட்டிருக்காவ."

"அவ மாடிக்குப் போனது நெசந்தான?"

நிஜந்தான். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாட்டுங்காவுக்குக் கிளம்பினாள்.

வைத்தீஸ்வரன் மொட்டைத் தலையில் அரும்பிய நரைமுடியோடு கதவைத் திறந்தார். மேசை இருந்த இடம் காலியாக இருந்தது. "பணம் திருப்பித் தரணும்னுலாம் நான் சொல்லலையே, உங்க முதலாளியண்ட சொல்லிட்டேனே" என்றார்.

"அதுக்கு வரல சார். ஒண்ணு காட்டணும். மேடமும் வரட்டும்."

டீப்பாயில் பொம்மையை வைத்தாள். பலகையை விரித்தாள். அளவுநாடாவை விளிம்பில் வைத்தாள். டக்கென்று விழுந்தது. வந்தனாதான், "இன்னொரு தடவை பண்ணுங்கோ" என்றாள். இன்னொரு தடவையும் விழுந்தது.

"அந்தக் காலுக்கடியில அட்டை வச்சது நான்" என்றாள் வந்தனா. அவள் குரல் யாரோ பேசுவது போல இருந்தது. "சப்பாத்தி இட்டப்போ லேசா தூக்கித்து. தரை சமமா இல்லைன்னு நெனச்சேன்."

"கால் வேண்டாம்னது நான்" என்றார் வைத்தீஸ்வரன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அதைச் சொல்லத்தான் வந்தியா? நான்தான் எங்கப்பாவைக் கொன்னேன்னு சொல்ல வந்தியா?"

"இல்ல சார். நீங்க என்ன வேணா கேக்கலாம். அப்படிச் செஞ்சா சாயும்னு சொல்ல வேண்டியவ நான். பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது." நிறுத்தினால் சொல்ல வராது என்று தெரிந்து, மிச்சத்தையும் சொன்னாள். பெரியவர் கேட்டதை, தான் சொன்ன பதிலை, தெருவைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதை.

வைத்தீஸ்வரன் ஜன்னலைப் பார்த்தார். "நிக்கணும்னு ஆசைப்பட்டாரா? என்கிட்டச் சொல்லவே இல்லையே. ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பிறகு தோள் குலுங்க அழுதார். அவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்பதற்குக் கலைச்செல்விக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வந்த காரியம் பாதிதான் முடிந்திருந்தது.

"சார், அந்த ஹாஃபிஸாக்கா மேல குடுத்த கம்ப்ளெயின்ட்..."

அவர் அழுகையை நிறுத்தினார். "அவ கூட இருந்திருந்தா அப்பா எழுந்தே இருக்க மாட்டார்."

"அந்தக்கா கூட இருந்தாலும் மேச சாஞ்சிருக்கும் சார். எப்பயாச்சும் ஒரு நாளு..."

"அவ இருந்திருக்கணும். அவ்வளவுதான். நீங்க போங்கோ."

முதல் மாடி வரை வந்தனா பின்னாலேயே வந்தாள். "அவர் வாபஸ் வாங்க மாட்டார். அவ மேல தப்பில்லைன்னா அந்தத் தப்பு எங்காத்துக்குள்ள வந்துடும்."

"நீங்க எழுதிக் குடுக்கலாமே மேடம்."

வந்தனா படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றாள். "நான் இந்த ஆத்துலதானே இருந்தாகணும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

ஏஜென்சி செம்பூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. கலைச்செல்வி நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனாள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "கம்ப்ளெயின்ட் குடுத்த பார்ட்டி வந்து வாபஸ் எடுக்கணும். நீங்க ஃபர்னிச்சர்வாலா. நீங்க சொன்னா எப்படிச் செல்லும்?" என்று இந்தியில் கேட்டு, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஹாஃபிஸாவின் விலாசத்தை மட்டும் தந்தாள்.

சுனாபட்டியில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், வாசலில் உட்கார்ந்து ஹாஃபிஸா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு மூட்டை. உரித்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவென்று ஹோட்டல்காரன் கொடுப்பான். ஒன்றரை மாதத்தில் அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

கலைச்செல்வி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொம்மையையும் விழவைத்துக் காட்டினாள். ஹாஃபிஸா உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில்தான் கேட்டாள்.

"அவரு விழுந்து எத்தன நாளாச்சி தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

"அத்தன நாளும் நாந்தான் கொன்னேன்னு நெனச்சிட்டிருக்கேன். மாடில கெடந்தது நாலே நாலு சட்ட. அப்புறமா காயப்போட்டிருக்கலாம். படி எறங்கி வரும்போதே சத்தம் கேட்டுச்சி. ஓடி வாரேன், மேச அவரு கால் மேல கெடக்கு, அவரு என்னயப் பாத்து 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ங்காரு. எம் புருசனே சொல்லுதாரு, ஒரு உசுர விட்டுட்டு வந்துட்டியேன்னு. நீ எங்க இருந்த?"

"மேச திரும்பி வந்தப்பதான்க்கா எனக்குத் தெரியும்."

"செய்யும்போது தெரிஞ்சிருக்கணும்லா?"

"ஆமாக்கா."

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அந்த 'ஆமா'வுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. ரயில் ஒன்று கடந்து போனது. பிறகு ஹாஃபிஸா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள்.

"எழுது. இந்தில எழுது, எம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவுக படிக்கணும், அவுக வாப்பா படிக்கணும்."

கலைச்செல்வி தரையில் உட்கார்ந்து எழுதினாள். மேசையை வரைந்தது தான் என்றும், அது சாயக்கூடியது என்று பார்க்காமல் விட்டது தான் என்றும், எழுந்து நிற்கலாம் என்று பெரியவரிடம் சொன்னதும் தான் என்றும். ஹாஃபிஸா வாங்கி உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். "நா மாடிக்குப் போனதயும் எழுது" என்றாள்.

"அது எதுக்குக்கா?"

"அது நெசம். அத விட்டுட்டா நீ பொய் எழுதுனதாத்தான் நெனப்பாக."

எழுதினாள். ஹாஃபிஸா காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கலைச்செல்வி எழுந்து வந்துவிட்டாள்.

பட்டறையில் இசக்கிதுரை ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. மாட்டுங்காவில் விஷயம் பரவி, வருவதாகச் சொன்ன இரண்டு வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். எட்டாவது நாள், அந்த மேசைக்குத் தரையில் ஊன்றும் கால்களை அவரே செய்து மாட்டினார். மாட்டிவிட்டு, "வேற எடம் பாத்துக்கிடு தாயி. ஒன்னயக் கோச்சிக்கிடல. ஆனா ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தப் பெரியவருதான் வாராரு" என்றார். அவள் இப்போது காட்கோபரில் சமையலறை அலமாரிகள் செய்கிற கடையில் படம் போடுகிறாள். எல்லாமே சுவரில் திருகி மாட்டுகிற பொருட்கள். எதைப் போட்டாலும் மூன்று தடவை பார்க்கிறாள். அங்கே இருப்பவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கிறது.

நாலு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் ஹாஃபிஸா போன் செய்தாள். கல்யாணில் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்துவிட்டதாம். போக வர மூன்று மணி நேரமாம்.

"அந்தப் பேப்பர லேமினேசன் போட்டு நாலு வீட்டுல காட்டுனேன்" என்றாள். "படிச்சிட்டு எல்லாரும் பயப்படுதாக. பெரியவரு செத்துப்போனாருங்கற வரியத்தான் பாக்காக, மத்தது கண்ணுல படல. அஞ்சாவது வீட்டுல காட்டல. வேல கெடச்சிட்டு."

கலைச்செல்வி, "கிழிச்சிப் போட்டுட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"கிழிக்கயா? பீரோவுல வச்சிருக்கேன்" என்றாள் ஹாஃபிஸா. "ராத்திரி சில நாளு எடுத்துப் படிப்பேன். சரி, டிரெயின் வருது, வைக்கேன்."